மீன்கொத்திப் புரோச்சை ஊர் பார்த்த நாள்

1997 மார்ச் 12, புதன்கிழமை. ஐந்தேகாலுக்கு எழுந்தேன். ஐந்தே முக்காலுக்குத் தேநீர். ஆறு முப்பத்தைந்துக்கு வெள்ளவத்தையில் பஸ் ஏறினேன். வழியில் இரண்டு சோதனைச் சாவடிகளில் இறங்கி அடையாள அட்டை காட்டினோம். புறக்கோட்டையில் பஸ் மாறி, கொட்டாஞ்சேனைப் பட்டறைக்கு ஏழு ஐம்பதுக்கு வந்தேன். மேசையை ஈரத் துணியால் ஒருமுறை, உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்தேன். சாவணங்கள் மூன்றையும் அளவு வரிசையில் வைத்தேன். கண்ணாடி இழைகளை நிறம் நிறமாகச் சரிபார்த்தேன். நீலத்தில் ஏழு வகை, மண்ணிறத்தில் ஐந்து, சிவப்பில் மூன்று. எட்டு இருபதுக்கு வேலை தொடங்கினேன்.

என் நாட்குறிப்பில் அந்த நாள் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நால்வருக்கும் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டபோது, முதலில் அளவுகளைப் பற்றி எழுதலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு அது வேண்டாம் என்று விட்டேன். இழையை எந்தச் சூட்டில் இழுப்பது, எந்த நீளத்தில் நறுக்குவது என்பதெல்லாம் ஆறு மாதத்தில் உங்கள் கைக்கு வந்துவிடும். நான் சொல்லப் போவது, எல்லா அளவும் சரியாக இருந்தும் முழுப் பிழையாகப் போன ஒரு வேலையைப் பற்றி. அந்த வேலையைச் செய்தவள் நான்.

எங்கள் வேலை என்னவென்று வெளியே கேட்பவர்களுக்கு நான் இப்படிச் சொல்வதுண்டு: கண்ணாடியை உருக்கித் தையல் நூல் போல மெல்லிய இழையாக இழுத்து, அந்த இழையைக் கடுகை விடச் சிறிய துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் சாவணத்தால் எடுத்து, உலோகச் சட்டத்துக்குள் பூசிய களிம்பில் நட்டு, ஒரு படம் உண்டாக்குவது. தூரத்திலிருந்து பார்த்தால் வர்ணம் தீட்டியது போல இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் அது ஆயிரம் துண்டு என்று தெரியும். பட்டறைக்காரர் கப்பல் வேலையை விட்டுவிட்டு இத்தாலியில் நான்கு வருடம் இருந்து இதைக் கற்றுக்கொண்டு வந்தவர். அந்த மார்ச் மாதம் அவர் சென்னைக்குப் போயிருந்தார். பட்டறையில் நானும் செல்வமும் மட்டும்.

செல்வம் பொகவந்தலாவைப் பக்கத் தோட்டத்திலிருந்து வந்தவர். ஸ்பிரிட் விளக்கின் முன்னால் உட்கார்ந்து கண்ணாடி இழை இழுப்பது அவருடைய வேலை. கொழும்பு வெயிலில் விளக்கின் முன்னால் இருக்க வேண்டும். மின்விசிறியும் போட முடியாது, போட்டால் என் துண்டுகள் எல்லாம் பறந்துவிடும். ஆகவே அவர் ஒரு பேசினில் தண்ணீர் நிரப்பி, இரண்டு காலையும் அதில் வைத்துக்கொண்டு, சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு வேலை செய்வார். அந்தக் கோலத்தில் அவர் இழுத்த நீல இழைகளைப் போல நான் பிறகு எங்கேயும் கண்டதில்லை.

இனி சுபாவுக்கு வருகிறேன்.

சுபா வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் இருந்தாள். புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் தட்டெழுத்து வேலை. கலியாணம் ரொறன்ரோ மாப்பிள்ளையோடு பேசி முடிந்திருந்தது. இருவரும் நேரில் பார்த்ததில்லை. படம் மாற்றிக்கொண்டார்கள், தொலைபேசியில் கதைத்தார்கள். அந்தக் காலத்தில் கொழும்பிலிருந்து அப்படிப் போன பெண்கள் எத்தனையோ பேர். சுபாவுக்கு இருந்த கவலை வேறு. என் சேலையில் குத்தியிருந்த, பட்டறையில் செய்த புரோச்சைப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்.

“அக்கா, ஸ்ரூடியோக்காரன் படத்தில என்னைக் கழுவித் துடைச்சு வெள்ளைக்காரி ஆக்கிப்போட்டான். மூக்கையும் கொஞ்சம் சீவிவிட்டிருக்கிறான். அந்தப் படத்தை வைச்சுக்கொண்டு அவர் எயார்ப்போட்டில நிண்டா, என்னை விட்டுட்டு வேற ஆரையோ கூட்டிக்கொண்டு போயிடுவார்.”

இதையே மாப்பிள்ளையிடமும் சொல்லியிருக்கிறாள். அவரும் விடவில்லை, ‘அப்ப எப்பிடி உம்மை அடையாளம் பிடிக்கிறது’ என்று கேட்டிருக்கிறார். அவள் கதைத்த தொலைபேசிக் கடையின் சுவரில் ஒரு கலண்டர். அதில் ஒரு மீன்கொத்தி. இவள் வாய்க்கு வந்தபடி, ‘நான் நெஞ்சில மீன்கொத்தி குத்திக்கொண்டு வருவன்’ என்று சொல்லிவிட்டாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு வந்த ஒவ்வொரு அழைப்பிலும் முதல் கேள்வி, ‘மீன்கொத்தி எப்பிடி இருக்கு?’

சுபாவின் அம்மாவுக்கு இதில் விருப்பமே இல்லை. கலியாணத்துக்குப் போகிற பிள்ளை பவுணில் ஏதாவது போட்டுக்கொண்டு போகலாம், கண்ணாடியில் குருவி எதற்கு என்பது அவருடைய கேள்வி. முடிவில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: வேலை முடியுமுன் தான் பார்க்க வேண்டும், தன் மனதுக்குப் பிடிக்காவிட்டால் பிள்ளை அதைக் குத்தக்கூடாது. மார்ச் கடைசியில் விமானம். இன்னொன்று செய்ய நாள் கிடையாது. ஆகவே அந்த ஒரு புரோச்தான், அந்த ஒரு மீன்கொத்திதான்.

தனியாக என்னை நம்பி விடப்பட்ட முதலாவது முழு வேலை அது. நான் விளையாட்டாகச் செய்யவில்லை. கலண்டர் படம் போதாது என்று தீர்மானித்தேன். கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலையின் விஞ்ஞானகூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், பாடம் செய்த மீன்கொத்தி ஒன்று இருந்தது. ஆசிரியையிடம் அனுமதி கேட்டு மூன்று நாள் போனேன். அலகின் நீளம், கழுத்தின் அகலம், கண்ணுக்கும் அலகுக்கும் உள்ள தூரம் எல்லாவற்றையும் அடிமட்டம் வைத்து அளந்து எழுதினேன். அந்த அளவுகளைச் சுருக்கி, இரண்டு ரூபாய் நாணயக் குத்தியை விடக் கொஞ்சம் பெரிய சட்டத்துக்குள் கொண்டுவந்தேன். மண்ணிறத் தலை, வெள்ளைத் தொண்டை, நீல முதுகு, சிவப்பு அலகு. மொத்தம் 1,184 துண்டுகள். எந்தத் துண்டு எந்த வரியில் என்பது உட்பட என் புத்தகத்தில் இருக்கிறது.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. இப்போதும் இருக்கும் என்று நம்புகிறேன். களிம்பு இறுகுவதற்கு முன் வேலையை வாசலுக்குக் கொண்டுபோய், தெருவில் போகிற ஒருவரிடம் காட்டி, ‘இது என்ன?’ என்று கேட்க வேண்டும். மரக்கறி வண்டிக்காரர், தபால்காரர், கோயிலுக்குப் போகிறவர், யாராயிருந்தாலும் சரி. பட்டறைக்காரர் கொண்டுவந்த வழக்கம் இது. செல்வத்துக்கு இதில் பெரிய சந்தோஷம்; ஒரு ரோஜாவைக் காட்டி ‘கோவா’ (முட்டைக்கோஸ்) என்று பதில் வாங்கிக்கொண்டு வந்து அரை நாள் சிரித்தவர். எனக்கு இது சிறுபிள்ளைத்தனமாகப் பட்டது. பட்டறைக்காரர் ஊரில் இல்லை. மரக்கறி விற்பவருக்கு மீன்கொத்தியின் கழுத்தளவு தெரியுமா என்ன? அந்த முறை நான் வாசலுக்குப் போகவில்லை.

அந்தப் புதன்கிழமை மாலை மூன்று நாற்பதுக்குக் கடைசித் துண்டை நட்டேன். உடலும் கிளையும் முன்பே போட்ட பகுதிகள். அங்கே களிம்பு கல்லாகியிருந்தது. தலையும் கழுத்தும் செவ்வாய்க்கிழமை காலை பூசிய களிம்பில் இருந்தன. அது வியாழக்கிழமை மத்தியானம் வரை இளக்கமாக இருக்கும். பிறகு ஊசி இறங்காது. இந்த நேரக் கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தரைக்குச் சுபாவின் அம்மாவுக்குக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். பழைய பிஸ்கட் பேணி ஒன்றில் பஞ்சு பரப்பி, புரோச்சை வைத்து மூடி, கைப்பையில் நேராக நிற்கும்படி வைத்துக்கொண்டு நாலு பத்துக்குக் கிளம்பினேன். செல்வம் பேசினிலிருந்து ஒரு காலை எடுத்தார், ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், பிறகு காலைத் திரும்பத் தண்ணீரில் வைத்துவிட்டார். அவசரத்தில் நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்துக்கு முன்னால் இராணுவச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றோம். பெண்களின் பையைப் பார்க்கும் பெண் சிப்பாய் அன்றைக்கு இல்லை. ஒரு இளம் சிப்பாய், மீசை இன்னும் சரியாக வராதவன், எல்லாப் பைகளையும் தானே பார்த்துக்கொண்டு வந்தான். என் அடையாள அட்டையைப் பார்த்தான். பேணியைப் பார்த்தான்.

“மே மொக்கத?”

இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். புரோச் என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. மூடியைத் திறந்தான். பஞ்சுக்கு நடுவில் உலோகச் சட்டம். சட்டத்தின் ஓரத்தில் பிதுங்கி நின்ற ஈரக் களிம்பு. அவன் முகம் மாறியதைக் கண்டேன். பஸ்ஸில் வந்த பையில் ஒரு பேணி, பேணிக்குள் உலோகம், உலோகத்துக்குள் மெழுகு போல ஒரு பொருள்: போர் நடந்த அந்த வருடங்களில் அது குண்டைத்தான் நினைவுக்குக் கொண்டுவரும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவன் விரலை நீட்டி அதைத் தொடப் போனான். நேரே மீன்கொத்தியின் தலையில்.

“அத்த தியன்ன எபா!”

தொடாதே என்று சிங்களத்தில் கத்தினது நான்தான். துவக்கு வைத்திருக்கிற ஒருவனைப் பார்த்து அப்படிக் கத்தியது என் வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். வரிசை முழுவதும் உறைந்துபோனது. அவன் இரண்டடி பின்னால் போனான். துவக்கின் வாய் கொஞ்சம் மேலே வந்தது.

தெரிந்த சிங்களம் எல்லாவற்றையும், வார்த்தைக்கு வார்த்தை ‘மாத்தயா’ (ஐயா) சேர்த்து, ஒன்றாகக் கொட்டினேன். சுண்ணாம்பு மாத்தயா, எண்ணெய் மாத்தயா, இரண்டையும் குழைத்தது, காயவில்லை, மணந்து பாருங்கள் மாத்தயா. அவன் தூர நின்றபடியே மூக்கை மட்டும் நீட்டினான். ஒருமுறை இழுத்தான். இரண்டாவது முறை இழுத்தான். முகம் விரிந்துவிட்டது.

“இது பெட்டுக்குப் பூசுற எண்ணெய் எல்லோ, அக்கே!” என்றான். (சிங்களத்தில்தான் சொன்னான், இனி அவன் சொன்னதை எல்லாம் தமிழிலேயே தருகிறேன்.) கிரிக்கெட் மட்டைக்குப் பூசுகிற ஆளிவிதை எண்ணெயும் எங்கள் களிம்பு எண்ணெயும் ஒன்றுதான். அவன் பாடசாலை அணியில் ஆடியவனாம்.

துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு, பேணியை இரண்டு கையாலும் பவ்வியமாக வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தான். நீண்ட நேரம் பார்த்தான். எனக்கு மெல்ல மெல்ல உயிர் வந்தது. கூடவே பெருமையும் வந்தது. மூன்று நாள் அளவெடுத்த வேலை அல்லவா.

பிறகு அவன் கேட்டான்: “இந்தக் குருவி செத்துப்போச்சு, என்ன?”

பயம் போன இடம் தெரியவில்லை. “இல்லை மாத்தயா, உயிரோடதான் இருக்கு.”

“இல்லை அக்கே, செத்திட்டுது.”

“அது உட்கார்ந்திருக்கு மாத்தயா!”

அவன் மற்றச் சிப்பாயைக் கூப்பிட்டான். கொஞ்சம் வயதானவன், வந்து குனிந்து பார்த்தான். “சாகவில்லை, நித்திரை” என்றான். “கண் திறந்திருக்கே” என்றான் முதலாமவன். “அப்ப சுகமில்லை” என்றான் மற்றவன்.

எனக்குப் பின்னால் நின்ற யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். பத்து நிமிடத்துக்கு முன் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்து, என் பக்கத்து ஜன்னலை மூடச் சொன்னவர்.

“எடி பிள்ளை, நான் சொல்லுறன் எண்டு கோவியாதை. உது செத்துத்தான் கிடக்கு. உயிரோட இருக்கிற குருவி உப்பிடிச் சேர்ட்டிபிக்கற் வாங்கப் போற மாதிரி நிமிந்து நிக்குமே?”

ஆண்கள் வரிசையிலிருந்து தொப்பி போட்ட ஒரு ஐயா, கொம்பனித்தெருவில் கடை வைத்திருப்பவராம், தானும் பார்க்க வேண்டும் என்றார். சிப்பாய் பேணியை அவரிடம் நீட்டினான்.

“மகள், வேல மிச்சம் சோக்கா ஈக்கி. ஆனா குருவி மவுத்தாத்தான் ஈக்கி.”

பஸ் கண்டக்டர் மிதிபலகையில் நின்றுகொண்டு தமிழில் கத்தினான்: “செத்தாலும் பரவாயில்லே, உசிர் இருந்தாலும் பரவாயில்லே, பஸ் போகணும்! ஏறு, ஏறு!”

வரிசை முழுவதும் சிரித்தது. சிப்பாய்கள் இருவரும் சிரித்தார்கள். அதே சாவடியில் வேறு நாட்களில் நான் கண்டவை வேறு. அவையும் என் நாட்குறிப்பில் இருக்கின்றன; அவற்றை நான் மறக்கவுமில்லை, மாற்றி எழுதவுமில்லை. ஆனால் அந்த மாலை நாலு ஐம்பத்தைந்துக்கு அந்த இடத்தில் சிங்களவரும் தமிழரும் முஸ்லிமும் எந்த வாதமும் இல்லாமல் ஒத்துக்கொண்ட விடயம் ஒன்று இருந்தது: என் மீன்கொத்தி செத்துவிட்டது.

நான் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “மாத்தயா, நான் உண்மைக் குருவியைப் பார்த்து அளந்து செய்தனான்” என்றேன்.

“எங்கே பார்த்தீங்க?”

“ஸ்கூலில. கண்ணாடிப் பெட்டிக்குள்ள...”

சொல்லி முடிக்கும்போதே என் குரல் தானாக இறங்கிவிட்டது. செத்த பறவையை மூன்று நாள் அளந்து, ஆயிரத்து நூற்று எண்பத்து நான்கு துண்டில், ஒரு மயிரிழை பிசகாமல், செத்த பறவையையே நான் செய்து வைத்திருந்தேன். பெட்டிக்குள் யாரோ கம்பி செருகி நிமிர்த்தி வைத்த கழுத்து. யாரோ பதித்த கண்ணாடிக் கண். கண்ணின் நட்டநடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. எல்லாமே அளவாக இருந்தன.

அவனுக்கு என்னைப் பார்த்துப் பாவமாக இருந்திருக்க வேண்டும். “எங்க ஊர்க் குளத்தில இது நிறைய. இப்படித்தான் இருக்கும்” என்று சொல்லி, துவக்கோடு அப்படியே கூனி, தலையைத் தோளுக்குள் இழுத்து, மூக்கை நீட்டி, பாலத்துக்குக் கீழே தண்ணீரைப் பார்த்தான். ஒரு கணம் சீருடைக்குள் மீன்கொத்தி இருந்தது. “இங்கேயும் ஒன்று வருது. காலை ஆறு மணிக்கு அந்தத் தண்ணிக் குழாயில. நான் ஒவ்வொரு நாளும் காணுறன். வந்து பாருங்க” என்றான்.

பஸ் வெளிக்கிட்டது. ஐந்து பத்து. இறங்கியதும் என் முன்னால் மூன்று வழி இருந்தது. ஒன்று, எதுவும் நடக்காதது போல அம்மாவுக்குக் காட்டுவது. அவர் மீன்கொத்தியை அறிந்தவர் அல்ல, பிடித்தாலும் பிடிக்கலாம். இரண்டு, உடனே பட்டறைக்குத் திரும்புவது. போய்ச் சேரும்போது இருட்டிவிடும், விளக்கு வெளிச்சத்தில் நிறம் சேர்த்தால் காலையில் நீலம் பச்சையாகத் தெரியும். மூன்று, பிழையைச் சொல்லி நாளை மத்தியானம் வரை நேரம் கேட்பது. வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருடத்தில் ‘நான் பிழை விட்டேன்’ என்று ஒரு வாடிக்கைக்காரரிடம் சொன்னதில்லை. விடாததால் அல்ல.

முதலில் தொலைபேசிக் கடைக்குப் போய்ப் பட்டறையின் கீழ்க்கடைக்கு அழைத்து, செல்வத்தைக் கூப்பிடச் சொன்னேன். வந்தார்.

“செல்வம், குருவி செத்துப்போச்சு.”

“ஆமாங்க்கா” என்றார்.

“என்ன ஆமா? தெரியுமா உங்களுக்கு?”

“திங்கக்கெழமையே தெரியும்க்கா. தலைய வரைஞ்சு வச்சிருந்தீங்களே, அப்பவே.”

“ஏன் சொல்லேல்ல?”

“நீங்க எண்ணிக்கிட்டு இருந்தீங்க. எண்ணும்போது பேசினா ஏசுவீங்க. எண்ணாத நேரம் பாத்துச் சொல்லலாம்னு இருந்தேன். நீங்க எண்ணாத நேரமே வரலக்கா.”

பிள்ளைகளே, இதற்காகத்தான் இந்தக் கதையை எழுதுகிறேன். செத்த பறவையை அளந்தது மடைத்தனம். அதற்குச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இரண்டு நாளாகப் பக்கத்து மேசையில் ஒருவருக்குப் பிழை தெரிந்திருக்கிறது, என் ஒழுங்கு அவர் வாயை அடைத்திருக்கிறது. உங்கள் கவனம் மற்றவர் வாயை அடைக்கிற அளவுக்குப் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாசலில் காட்டும் வழக்கம் ஏன் வந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

“காலமை எட்டு மணிக்கு மண்ணிறம் அஞ்சும், வெள்ளை இழையும் எடுத்து வையுங்கோ” என்றேன். “பேணிக்குள்ள எண்ணெய்த் துணியைப் போட்டுக் காத்துப் படாமல் மூடி வைக்கிறன். களிம்பு மத்தியானம் வரைக்கும் தாங்கும்.”

“பேசின்ல தண்ணி மாத்தி வைக்கிறேன்” என்றார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கவில்லை; எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

சுபா வீட்டுக்கு ஐந்து முப்பத்தைந்துக்குப் போனேன். ஐந்து நிமிடம் பிந்தி. சுபாவின் அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பார்ப்பதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

“அன்ரி, இண்டைக்குக் காட்டமாட்டன். நான் பிழை விட்டிட்டன். குருவியில உயிர் இல்லை.”

“ஐயோ” என்றாள் சுபா. “அவருக்கு நேற்றும் சொன்னனான், மீன்கொத்தி சுகமா இருக்கு எண்டு!”

“ஆர் சொன்னது உயிரில்லை எண்டு?” என்று அம்மா கேட்டார்.

“பாலத்தடி ஆமிக்காரன்.”

சுபா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. செத்த குருவியோடு பிள்ளையை அனுப்புவதில்லை என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. “திருத்தலாமோ?” என்றார்.

“நாளைக்கு மத்தியானம் வரைக்கும் தலைப் பக்கம் இளக்கமா இருக்கும். அதுக்குள்ள திருத்தினால் சரி. துண்டை எடுக்கேக்கை பக்கத்துத் துண்டுகள் சரிஞ்சால், அதோட போச்சு.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “இவ்வளவு நாளும் கண்ணாடித் துண்டு, கண்ணாடித் துண்டு எண்டு ஏசினனான். பிழை எண்டு நீரே வந்து சொல்லுறீர். அப்ப நல்லா வரும். ஏன் பிள்ளை இன்னும் இஞ்ச நிண்டு கதைக்கிறீர்? போய் உதுக்கு உயிர் குடும்.”

மிச்சத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை எட்டு ஐந்துக்குத் தொடங்கினோம். செல்வத்தின் யோசனை, கண்ணை மட்டும் மாற்றுவது. ஏழு துண்டு, ஆபத்தில்லை. என் யோசனை, கழுத்தையும் இறக்குவது, ஆபத்து. கழுத்தை இறக்கினோம். அறுபத்து நான்கு துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தோம். நான் எடுக்க, செல்வம் பக்கத்துத் துண்டுகளை ஊசியால் அணைத்துப் பிடித்தார். என் மேசைக்கு அவரை நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஒரு வரி சரிந்தது. இருவரும் மூச்சை விடாமல் அதை நிமிர்த்தினோம். கண்ணின் வெள்ளையை நடுவிலிருந்து எடுத்து மேல் ஓரத்தில் வைத்தபோது, “அக்கா, பாக்குது!” என்று செல்வம் துள்ளியதில் பேசின் கவிழ்ந்து அறை முழுவதும் தண்ணீர். பதினொன்று ஐம்பதுக்குக் கடைசித் துண்டு. பன்னிரண்டரைக்கு ஊசி இறங்கவில்லை. அதற்கு முன்பே வாசலுக்குக் கொண்டுபோயிருந்தோம். மரக்கறி வண்டிக்காரர் பார்த்துவிட்டு, “பறந்திரும், மூடி வைங்க” என்றார்.

விமான நிலையத்தில் சுபாவின் அம்மா தானே அதைப் பிள்ளையின் சேலையில் குத்திவிட்டார். ஆனால் ரொறன்ரோவில் குளிர். சுபா கழுத்து வரை பொத்தான் போட்ட கோட்டோடு இறங்கியிருக்கிறாள், மீன்கொத்தி கோட்டுக்கு உள்ளே. மாப்பிள்ளை ஒரு மட்டையில் தானே ஒரு மீன்கொத்தி வரைந்து, தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாராம். ‘நீங்கள் முதலில் செய்ததைவிட நல்லாய்ச் செத்திருந்தது அக்கா’ என்று எழுதியிருந்தாள். ‘சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அதைக் கண்டு அவரும் பயந்து அழத் தொடங்கிவிட்டார்.’ அந்தக் கடிதமும் நாட்குறிப்புக்குள் இருக்கிறது.

இத்தனைக்கும் முன்னால், அந்த வியாழக்கிழமை காலையில் நான் முதலில் செய்த காரியம் இது.

ஆறு பதினைந்துக்குப் பாலத்தடிக்குப் போனேன். கையில் என் குறிப்புப் புத்தகம், பென்சில், அடிமட்டம். அந்தச் சிப்பாய் நின்றான். என்னைக் கண்டதும் சிரித்தான். புத்தகத்தைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

“அக்கே, இங்க எழுத ஏலாது. இது பாலம். பெரிய மாத்தயா கண்டால் உங்களுக்கும் கரைச்சல், எனக்கும் கரைச்சல்.”

“எழுதாமல் எப்படி? எனக்கு அளவு வேணும்.”

அவன் கையை நீட்டினான். கொடுத்தேன். பக்கங்களைப் புரட்டினான், பக்கம் முழுவதும் இலக்கங்கள். புருவத்தைச் சுருக்கினான்.

“இதெல்லாம் என்ன?”

“கண்ணாடித் துண்டு, மல்லி. எண்ணி வைச்சிருக்கிறன்.”

முதல் நாள் முழுவதும் மாத்தயா என்று கூப்பிட்டவனை மல்லி, அதாவது தம்பி, என்று சொல்லிவிட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது. அவன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தாடையால் கால்வாய்ப் பக்கம் காட்டினான்.

தண்ணீர்க் குழாயின் மேல் அது வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் கழுத்து காணாமல் போய்விட்டது. தலை தோளுக்குள் இறங்கியது, அலகு தண்ணீரை நோக்கிச் சரிந்தது. உடம்பு அசையவில்லை, தலை மட்டும் ஒருமுறை மேலும் கீழும் துள்ளியது. கண்ணின் மேல் விளிம்பில் காலை வெளிச்சம் ஒரு துளியாக நின்றது. பிறகு அது நேரே விழுந்தது. நானும் அவனும் ஒரே நேரத்தில் “ஆ!” என்றோம். வாயில் மீனோடு திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது.

எத்தனை நிமிடம் நின்று பார்த்தேன் என்று என்னால் சொல்ல முடியாது. புத்தகம் அவனுடைய கக்கத்தில் இருந்தது.